மிச்சமான நேரம் யாருக்கு?

ஜப்பானிய மொழியில் "மூடா" என்றால் வீண். மலாயில் இளமை. தமிழில் என்ன பொருள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஷா ஆலாமில் கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பிரஸ் பிரிவின் மேற்பார்வையாளராக நான் இருந்த காலம் அது. ஜப்பானிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் எங்கள் இயந்திரங்களுக்கு நடுவே நடந்துகொண்டே "மூடா... மூடா..." என்று கைகாட்டிக்கொண்டு போனார். பின்னால் வந்த நம்மவர்கள் இருவரின் முகம் கறுத்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் விளக்கிய பிறகுதான் சிரிப்பு வந்தது. அவர் காட்டியது, நாங்கள் பெருமையாக அடுக்கி வைத்திருந்த ஆயிரக்கணக்கான பாகங்களை!

இந்தக் கதை இப்போது நினைவுக்கு வரக் காரணம், ரவாங்கிலிருந்து வந்த ஒரு கடிதம். எழுதியவர் பொறியியல் முடித்து இரண்டு ஆண்டுகள் ஆன இளைஞர். உதிரிபாக நிறுவனம் ஒன்று அவரை "லீன்" குழுவில் போட்டிருக்கிறது. "கையில் ஸ்டாப்வாட்சோடு லைன் பக்கம் போனாலே பேச்சு நின்றுவிடுகிறது. அதே லைனில் என் மாமாவும் இருக்கிறார். வீட்டு விசேஷத்தில்கூட என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. வேலையைச் சுலபமாக்கத்தானே போகிறேன், இதில் என்ன கோபம்?" என்று கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. நம் குடும்பங்கள் பலவற்றில் ஒருவர் லைனில் நிற்கிறார், அவர் பிள்ளையோ மருமகனோ கணினியோடு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். இருவருக்கும் இடையில் இந்த "லீன்" வந்து நின்றுகொண்டால் என்ன செய்வது என்று இந்த வாரம் பார்ப்போம்.

நூல் அறுந்தால் நிற்கும் தறி

இந்த முறையின் வேர் ஒரு தறியில் இருக்கிறது. டொயோட்டா குடும்பத்தின் மூத்தவர் சக்கிச்சி டொயோடா ஒரு தச்சரின் மகன். 1867இல் பிறந்தவர். அன்றைய விசைத்தறிகளில் ஒரு நூல் அறுந்தாலும் தறி ஓடிக்கொண்டே இருக்கும், துணி பாழாகும். அதனால் ஒவ்வொரு தறிக்கும் பக்கத்தில் ஓர் ஆள் கண்கொட்டாமல் நிற்க வேண்டும். சக்கிச்சி, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும் தறியைச் செய்தார். 1924இல் வந்த அவருடைய தானியங்கித் தறி அவ்வளவு பேசப்பட்டது. 1929இல் பிரிட்டனின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் அதன் உரிமைக்கு 1 லட்சம் பவுன் தர ஒப்புக்கொண்டது. அவர் மகன் கீச்சிரோ கார் பக்கம் திரும்பினார். 1937இல் டொயோட்டா மோட்டார் நிறுவனம் உருவானது.

தறியில் பிறந்த எண்ணம் கார் லைனுக்கும் வந்தது. தவறு கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார், உடனே சரி செய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். நிறுத்தியவரை யாரும் திட்டக் கூடாது.

இரண்டாவது எண்ணம் பேரங்காடியிலிருந்து வந்தது. டொயோட்டாவின் தைச்சி ஓனோ, அமெரிக்கப் பேரங்காடிகள் நடக்கும் விதத்தைக் கவனித்தார். வாடிக்கையாளர் எடுத்த அளவுக்குத்தான் அலமாரியை நிரப்புகிறார்கள். தொழிற்சாலையும் அப்படி நடக்கக் கூடாதா என்று கேட்டார். அடுத்த பிரிவு எடுத்துக்கொண்ட அளவுக்கு மட்டும் முந்தைய பிரிவு செய்து கொடுக்கும். "கன்பான்" என்னும் அட்டைதான் அதற்குச் சீட்டு.

இவற்றுக்கு "லீன்" என்று பெயர் வைத்தவர்கள் அமெரிக்கர்கள். 1988இல் ஜான் கிராஃப்சிக் என்ற ஆய்வாளர் எழுதிய கட்டுரையில் அந்தச் சொல் வந்தது. 1990இல் வெளியான "உலகை மாற்றிய இயந்திரம்" என்ற பொருள் தரும் நூல் அதை உலகெங்கும் கொண்டு சென்றது. ஆங்கிலத்தில் அதற்குக் கொழுப்பில்லாத, மெலிந்த என்று அர்த்தம். கொழுப்பைக் குறைக்கப் போகிறோம் என்று முதலாளி சொன்னால், கொழுப்பு யார் என்று தொழிலாளி யோசிக்கத்தானே செய்வார்?

1950இல் நடந்தது

அந்தப் பயத்துக்கு டொயோட்டாவின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. இங்கே நம் நிறுவனங்கள் நடத்தும் பயிற்சிகளில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

போருக்குப் பிறகு டொயோட்டா திவாலாகும் நிலைக்கு வந்தது. கடன் கொடுத்த வங்கிகள் ஆட்குறைப்பு கேட்டன. 1950இல் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. முடிவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஊழியர்கள் வெளியேறினார்கள். ஆனால் தலைவர் கீச்சிரோவும் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். எஞ்சியவர்களோடு ஓர் உடன்பாடு மெல்ல உருவானது: உங்கள் வேலைக்கு நாங்கள் பாதுகாப்பு, நீங்கள் பல வேலைகளைக் கற்றுக்கொண்டு, வழி சொல்லி, ஒத்துழையுங்கள். ஓனோ தன் முறையைக் கட்டி எழுப்பியது அந்த உடன்பாட்டின் மேல்தான்.

நாம் இறக்குமதி செய்தது மேலே இருந்த கட்டடத்தை. அஸ்திவாரத்தை அங்கேயே விட்டுவிட்டோம்.

இங்கே வந்த விதம்

புரோட்டோன் 1983இல் தொடங்கப்பட்டது. 1985இல் முதல் சாகா வந்தது. 1993இல் பெரோடுவா. இந்த இரண்டையும் சுற்றி ஷா ஆலாம், ரவாங், கிள்ளான் வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான உதிரிபாக நிறுவனங்கள் வளர்ந்தன. 2006இல் ஜப்பானோடு செய்த பொருளாதார ஒப்பந்தத்தையொட்டி "மஜைக்கோ" என்ற ஐந்தாண்டுத் திட்டம் வந்தது. ஜப்பானிய நிபுணர்கள் நம் உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கே வந்து, எண்ணெய்த் தரையில் நின்று சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு அந்தப் பணியை, இன்று "மாரி" என்று அழைக்கப்படும் மலேசிய வாகனத் துறைக் கழகம் தொடர்ந்தது.

சில இடங்களில் அது வேரூன்றியது. பல இடங்களில் தரையில் மஞ்சள் கோடு போடுவதோடு நின்றது. தணிக்கைக்கு ஆள் வருகிறார் என்றால் தீபாவளிக்கு முதல் நாள் மாதிரி கழுவல், துடைப்பு, பெயிண்ட். அவர் போன மறுநாள் கோட்டின் மேலேயே பெட்டி.

மூன்று மணி நேரம் அரை மணி ஆன கதை

லீன் என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதை எங்கள் பிரஸ் பிரிவை வைத்தே சொல்கிறேன். தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் இயந்திரம் பிரஸ். வடிவம் தரும் அச்சு டை. கதவுக் கீலுக்கு ஒரு டை, இருக்கைத் தாங்கிக்கு இன்னொரு டை. ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்ட எங்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகும். அவ்வளவு பாடுபட்டு மாட்டிவிட்டு 300 பாகம் மட்டும் அடிக்க மனம் வருமா? 5,000 அடிப்போம். தேவை 300தான் என்றால் மீதி 4,700 ரேக்கில் தூங்கும். அந்த டையில் ஒரு பிசிறு இருந்தால், வாடிக்கையாளர் கண்டுபிடிக்கும்போது 4,700 பாகத்திலும் பிசிறு இருக்கும். ஜப்பானியர் "மூடா" என்றது இதைத்தான்.

டை மாற்றும் நேரத்தைக் குறைக்கும் வித்தையில் ஷிகியோ ஷிங்கோ என்பவர் பெயர் பெற்றவர். 1969இல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றில் 4 மணி நேர வேலையை முதலில் 90 நிமிடமாகவும், பிறகு 3 நிமிடமாகவும் குறைத்ததை அவர் எழுதியிருக்கிறார். ரகசியம் எளிமையானது. இயந்திரம் நின்றால்தான் செய்ய முடியும் என்ற வேலை எது, ஓடும்போதே செய்து வைக்கக்கூடிய வேலை எது என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

எங்களிடம் வந்த நிபுணர், டை மாற்றும் குழுவையே வீடியோ எடுத்து, அவர்களையே பார்க்கச் சொன்னார். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஸ்பேனர் தேடி நடந்தது பல நிமிடம். கிரேன் வரும்வரை நின்றது அதைவிட அதிகம். போல்ட்டுகள் நான்கு அளவு, நான்கு ஸ்பேனர். முதல் பாகத்தைத் தரப் பரிசோதனை அறைக்கு எடுத்துப் போனவர் அங்கே வரிசையில் நின்றார். டையோடு மல்லுக்கட்டிய நேரம் மொத்தத்தில் பாதிகூட இல்லை.

வழி சொன்னதும் அவர்கள்தான். அடுத்த டையை இயந்திரம் ஓடும்போதே பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லா போல்ட்டையும் ஒரே அளவாக்கச் சொன்னார்கள். டைகளின் உயரத்தை அடிப்பலகை கொடுத்துச் சமமாக்கினார்கள். பரிசோதனைக் கருவியை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார்கள். சில மாதங்களில் மூன்று மணி நேரம், 35 நிமிடம் ஆனது. நிர்வாகம் கேக் வெட்டியது, படம் எடுத்தது.

அன்று மாலை குழுவின் மூத்தவர் என்னிடம் வந்தார். எல்லாரும் அவரைப் பெரியண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்.

"தம்பி, கேக் நல்லா இருந்துச்சு. இனிமே சனிக்கிழமை ஓ.டி. இருக்காதாமே?"

"ஆமாண்ணே, தேவைப்படாதுன்னு சொல்றாங்க."

"மிச்சமான நேரம் யாருக்கு தம்பி? அத மட்டும் கேட்டுச் சொல்லு."

ஓ.டி. கணக்கு

பெரியண்ணனின் கேள்வியை இன்றைய கணக்கில் போட்டுப் பார்க்கலாம். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை 26 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 சென். சாதாரண நாளில் ஓ.டி. என்றால் ஒன்றரை மடங்கு, அதாவது 12 வெள்ளி 26 சென். தினம் 2 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் ஏறக்குறைய 637 வெள்ளி. அடிப்படைச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

அந்த 637 வெள்ளியில்தான் மோட்டார் சைக்கிள் தவணை போகிறது, பிள்ளையின் டியூஷன் போகிறது, அம்மாவின் மருந்துச் செலவு போகிறது. லைன் ஒழுங்காக ஓடினால் ஓ.டி. குறையும் என்பது லைனில் நிற்கும் எல்லாருக்கும் தெரியும். அப்படியிருக்க, தன் வீட்டுத் தவணையைத் தானே வெட்டிக்கொள்ள யார் வழி சொல்வார்? மாமா பேசாமல் இருப்பதற்குக் காரணம் சோம்பலும் இல்லை, பொறாமையும் இல்லை. ஸ்டாப்வாட்சைப் பார்க்கும்போது அவருக்குத் தெரிவது 637 வெள்ளி.

நிர்வாகத்துக்கும் ஒரு நெருக்கடி உண்டு. ஆண்டுதோறும் விலையைக் குறைக்கும்படி உதிரிபாக நிறுவனங்களைக் கேட்பது கார் தொழிலில் வழக்கம். மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதி அங்கே போய்விடுகிறது. மீதி இருப்பதில் தொழிலாளிக்கு எவ்வளவு என்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள் பேசுவதே இல்லை.

எங்கள் இடத்திலும் முதலில் யாரும் பேசவில்லை. அடுத்த சில மாதங்கள் ஆலோசனைப் பெட்டி காலியாகக் கிடந்தது. டை மாற்றும் நேரமும் 35இலிருந்து 50, 50இலிருந்து 70 நிமிடம் என்று மெல்ல ஏறியது. யாரும் சண்டை போடவில்லை. ஸ்பேனர் மட்டும் மறுபடியும் தொலையத் தொடங்கியது.

பிறகு தொழிற்சாலை மேலாளர் ஒரு நல்ல காரியம் செய்தார். அறிவிப்புப் பலகையில் இரண்டு விஷயங்களை எழுத்தில் போட்டார். முதலாவது: மேம்பாட்டு வேலையால் யாருக்கும் வேலை போகாது, ஓர் ஆள் மிச்சமானால் புதிய ஆர்டருக்கு அனுப்பப்படுவார். இரண்டாவது: மூன்று இயந்திரங்களை இயக்கவும் டை மாற்றவும் கற்றுத் தேர்பவருக்கு மாதாந்திரத் திறன் படி. அது அடிப்படைச் சம்பளத்தோடு சேரும், ஓ.டி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும்.

இழந்த ஓ.டி. முழுவதையும் அந்தப் படி ஈடு செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருவர், ஓ.டி. அதிகம் கிடைக்கும் வேறு தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். ஆனால் இருந்தவர்களிடமிருந்து மறுபடியும் வழிகள் வந்தன. பெரியண்ணன் முதல் ஆளாக இளையவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். சனிக்கிழமைகளில் பேரப்பிள்ளையைப் பந்து விளையாட அழைத்துப் போவதாகச் சொல்வார்.

தீ பிடித்த நாள்

"எல்லாவற்றையும் குறைத்துவிட்டு ஒரு விபத்து வந்தால் என்ன செய்வது?" என்று கேட்பவர்கள் உண்டு. 1997 பிப்ரவரி 1ஆம் தேதி அதிகாலை அப்படித்தான் நடந்தது. ஜப்பானின் கரியா நகரில், ஐசின் நிறுவனத்தின் ஆலை தீப்பிடித்தது. பிரேக்கில் வரும் சிறிய வால்வு ஒன்றுக்கு டொயோட்டா ஏறக்குறைய முழுக்க முழுக்க அந்த ஆலையையே நம்பியிருந்தது. கையிருப்பு சில மணி நேரத்துக்கு மட்டும். சில நாட்களில் டொயோட்டாவின் கார் ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன.

ஆனால் ஏறக்குறைய 200 நிறுவனங்கள் உதவிக்கு வந்தன. அவற்றில் பல, அந்த வால்வை அதுவரை செய்ததே இல்லை. தையல் இயந்திரத்துக்குப் பெயர் பெற்ற பிரதர் நிறுவனமும் செய்து கொடுத்தது. காசு எவ்வளவு என்று பேரம் பேச யாரும் நிற்கவில்லை. ஏறக்குறைய ஒரு வாரத்தில் லைன்கள் ஓடின. அதன் பிறகு டொயோட்டா, தன் நேரடி உதிரிபாக நிறுவனங்களுக்கு அந்தக் காலாண்டு விற்பனையில் 1 விழுக்காட்டை நன்றித் தொகையாகக் கொடுத்தது. அந்த நிறுவனங்களும் தங்களுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பங்கு கொடுத்தன.

கையிருப்பே வேண்டாம் என்பது லீன் இல்லை. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, கிடைக்க நாளாகும் மின்னணுச் சில்லுகளைப் பல மாதத் தேவைக்குச் சேர்த்து வைக்கும்படி டொயோட்டாவே கேட்டுக்கொண்டது. எதைக் குறைப்பது, எதைச் சேர்ப்பது என்று தெரிவதுதான் முக்கியம். ஆபத்து நேரத்தில் யாராவது ஓடி வர வேண்டுமானால், நல்ல நேரத்தில் அவர்களுக்குப் பங்கு கொடுத்திருக்க வேண்டும்.

ரவாங் தம்பிக்கு

தம்பி, ஜப்பானியர்கள் மூடாவோடு இன்னொரு சொல்லும் சொல்வார்கள்: மூரி. உடம்பின் மேலும் இயந்திரத்தின் மேலும் ஏற்றும் அளவுக்கு மீறிய சுமை. அதையும் ஒழிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் பாடம். நம் இடங்களில் மூடாவைப் பிடித்துக்கொண்டு மூரியை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் அங்கிருந்து தொடங்குங்கள்.

ஸ்டாப்வாட்சை இரண்டு வாரம் மேசை இழுப்பறையில் வையுங்கள். மாமாவிடம் போய், "இந்த வேலையில் உங்களுக்கு எது வலிக்கிறது?" என்று கேளுங்கள். தரையிலிருந்து பெட்டி தூக்கி இடுப்பு வலிக்கிறது என்பார். ஒரு மேசை போட்டு அந்தப் பெட்டியை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் மேம்பாடு அவர் உடம்புக்குப் போகட்டும். நிர்வாகத்தின் கணக்கு இரண்டாவதாக வரட்டும்.

திட்டம் தொடங்கும் முன்பே உங்கள் மேலாளரிடம் பெரியண்ணன் கேட்டதைக் கேளுங்கள். இதனால் யாருக்கும் வேலை போகாது என்று எழுதித் தருவீர்களா? ஓ.டி. குறைந்தால் அதில் எவ்வளவு சம்பளமாகத் திரும்பும்? இளையவர் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம். திரும்ப ஏறிப்போன டை மாற்றும் நேரத்துக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுக் காட்டினால் எந்த மேலாளரும் காது கொடுப்பார்.

உங்கள் லைனில் நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளர்களும் இருப்பார்கள். கடன் வாங்கி வந்தவர்களுக்கு ஓ.டி. நம்மவர்களைவிட உயிர்நாடி. லைனை நிறுத்தினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. அவர்கள் மொழியில் ஒரு தாள் அச்சடித்து ஒட்டுவதற்கு அதிகச் செலவில்லை. முதல் முறை ஒருவர் லைனை நிறுத்தும்போது நீங்களே போய் நன்றி சொல்லுங்கள். மற்றவர்கள் அதைத்தான் கவனிப்பார்கள்.

மாமாக்களுக்கும் ஒன்று. ஓ.டி. நிலையானது இல்லை, ஆர்டர் குறைந்தாலும் போகும், இயந்திர மனிதன் வந்தாலும் போகும். கையில் இருக்கும் தொழிலுக்குச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள் வகுப்புக்குப் போகாமலே, அனுபவத்தை நிரூபித்து எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறையில் கேட்டால் சொல்வார்கள். அதற்கான பாரத்தை நிரப்ப உட்காரும்போது, பக்கத்தில் உட்கார்ந்து உதவ ஒரு மருமகன் இருக்கிறார். அவரிடம் பேசுங்கள்.